இன்னாசிப் பாறை

கடலுக்கு நடுவில் முப்பதே வீடுள்ள ஒரு தீவு. அங்கே இடங்களின் பெயரை எழுதிப் போக ஒரு அதிகாரி வந்தார். மேற்குக் கோடிக்கு வந்ததும் லூர்தம்மாள், “இது இன்னாசிப் பாறை சார்,” என்றாள்.

“யாரு இன்னாசி?”

“எங்க வீட்டுக்காரர். இங்க நின்னுதான் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்ப்பார். கடலுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. எந்தக் கரையில ஒதுங்கியிருந்தாலும் இந்தப் பேரைச் சொல்லித்தான் வழி கேட்பார்.”

“நீங்களே சொல்லிக்கிட்டா போதாதும்மா. வெளியாளும் சொல்லணும்,” என்று ‘ஒன்பதாம் பாறை’ என எழுதிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து முகம் துடைத்தார் அதிகாரி. அதை எடுக்காமலே நடந்தார். லூர்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு, அவர் பின்னாலேயே நடந்தாள்.

ஊருக்குள் வந்ததும் அவர் பதறினார். “ஒன்பதாம் பாறையில கண்ணாடியை விட்டுட்டேன். தண்ணி ஏறுது, யாராவது ஓடுங்க.”

“அது எங்க சார் இருக்கு? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே,” என்றாள் அவள். ஊரும் உதட்டைப் பிதுக்கியது.

“அதான்மா, இன்னாசிப் பாறை,” என்று கத்தினார் அதிகாரி.

அவள் ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டினாள். “வெளியாள் நீங்களே சொல்லிட்டீங்க. இதைப் போட்டுக்கிட்டு எழுதுங்க சார்.”

ஊர் சிரிக்க, அதிகாரி பழையதை அடித்துவிட்டு எழுதினார்.

சாயங்காலம் வழக்கம்போல் அவள் அந்தப் பாறையில் போய் நின்றாள். “பேரு எழுதியாச்சு. இனி யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க,” என்றாள் கடலைப் பார்த்து.