கேபிளுக்குக் கட்டிய மாலை

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று தங்கபுஷ்பத்துக்குப் பயம். வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஏழாவதோடு படிப்பை விட்டவள். வண்டிப் பாகங்களின் பெயர் வாயில் நிற்காது. ஒன்றுக்கு இன்னொன்றைச் சொல்லி, குரு வேறெதையாவது கழற்றிப் போட்டுவிட்டால்?

குரு என்றால் தாடி வைத்தவர் இல்லை. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நஸ்ரின். தங்கபுஷ்பத்தைவிடப் பதினெட்டு வயது சின்னவள். இருபது வருடம் பூக்கட்டிப் பிழைத்தவளை ஆட்டோவில் உட்காரவைத்து, ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, லைசென்ஸும் வாங்க வைத்தவள். அன்றிலிருந்து அவள் குரு. வயதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

"என்னக்கா, ஞாயித்துக்கிழமை கூட விடமாட்டீங்களா?"

"குரு, இடது பக்கம் திரும்பினா கியர் தானாக் கழண்டுக்குது. கண்மாய்க்கரை இறக்கத்துல ரெண்டாவதுல வர்றேன், வளைவுல நியூட்ரலுக்குப் போயிருது. ஹேண்டிலும் கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கு ஏழு பிள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்தணும். மொத நாள். அந்த இறக்கத்துலதான் போகணும். எனக்கு நெஞ்சு படபடங்குது."

"நேராப் போனா?"

"சமத்தாப் போகுது."

"வலது பக்கம்?"

"ஒண்ணும் பண்ணல."

"எப்பலருந்து?"

"வியாழக்கிழமையிலருந்து."

"வியாழக்கிழமை வண்டியில கை வெச்சீங்களா?"

"சேச்சே, கை வைக்கல. பத்திரம் பண்ணினேன்."

நஸ்ரின் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "என்ன பண்ணினீங்க?"

"லேசாத்தான் குரு."

நஸ்ரின் முன்பக்க மூடியைக் கழற்றினாள். ஹேண்டிலின் தண்டு கீழே இறங்கும் இடம் அது. அதை ஒட்டி கியர் கேபிள்கள் இரண்டும் இறங்குகின்றன. இரண்டையும் பக்கத்து இரும்புச் சட்டத்தோடு சேர்த்து, நீல நைலான் கயிற்றால், ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தது. மல்லிகைச் சரம் தோற்றுப்போகும் நெருக்கம்.

"அடியாத்தீ," என்று நஸ்ரின் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "வண்டிக்கு வெளியில மாலை போட்டுப் பார்த்திருக்கேன். உள்ள போட்டு இப்பத்தான் பாக்குறேன்."

"சிரிக்காதீங்க குரு. மேடு பள்ளத்துல தொங்கித் தொங்கி ஆடுது. அறுந்து விழுந்துட்டா? அதான் ஆடாமக் கட்டினேன். என் முடிச்சு அவிழவே அவிழாது." கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"தெரியுது."

"அப்ப அது தப்பா? இறுக்கமா இருந்தாத்தானே பத்திரம்?"

நஸ்ரின் தரையிலிருந்து எழுந்தாள். "கயிறு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"வலது கையை நீட்டுங்க."

நீட்டினாள். நஸ்ரின் அந்த மணிக்கட்டை ஆட்டோவின் பக்கக் கம்பியோடு ஒட்டிக் கட்டினாள். எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிவந்து இடது பக்கம் இருந்த பெஞ்சில் வைத்தாள்.

"ஆறுறதுக்குள்ள எடுத்துக்குங்க. கட்டியிருக்கிற கையாலதான் எடுக்கணும்."

தங்கபுஷ்பம் இடது பக்கம் திரும்பினாள். கயிறு இழுத்தது. இன்னும் திரும்பினாள். வளையல் சதையில் பதிந்தது, தோள் வலித்தது. விரல் நுனிக்கும் கிளாசுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

நஸ்ரின் தன் டீயைக் குடித்து முடித்து, அவள் டீயையும் எடுத்து உறிஞ்சினாள்.

"கை எங்கயாவது அறுந்து விழுந்துச்சா? ரொம்பப் பத்திரமா இருக்கு பாருங்க."

தங்கபுஷ்பத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கையைப் பார்த்தாள். திறந்து கிடந்த கேபிளைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். துடைக்கக்கூட ஒரு கைதான் இருந்தது.

"அவுத்து விடுங்க குரு. கேபிள்ல இருக்கிற கயித்தையும் கத்தியால நறுக்கி விட்டுருங்க."

"கேபிளோட சேத்து நறுக்கிட்டா? நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவுத்துருங்க." நஸ்ரின் கைக்கட்டை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.

நாற்பத்து மூன்று முடிச்சுகள். முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் அவிழ்ந்ததும் நஸ்ரின் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, தண்டுப் பக்கம் ஒரு சாண் தளர்வு விட்டு, உரசாமல் இருக்க ஒரே ஒரு ரப்பர் கிளிப் மாட்டினாள். தங்கபுஷ்பம் ஹேண்டிலைத் திருப்பினாள். கேபிள்கள் கூடவே வளைந்தன, கூடவே நிமிர்ந்தன.

இருவரும் ஓட்டிப் பார்க்கப் போனபோது கண்மாய்க்கரை வளைவில் கியர் கழலவில்லை. வண்டி ரெண்டாவது கியரிலேயே இறங்கியது.

"கியர் நிக்குது குரு! நிக்குது!" என்று அவள் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. பின்சீட்டில் நஸ்ரின் கைதட்டினாள்.

திரும்பி வந்து இறங்கியதும் தங்கபுஷ்பத்தின் முகம் மறுபடி சுருங்கியது.

"வண்டி சரியாயிருச்சு. என் பயம் போகலையே. நாளைக்குக் காலையிலயும் பயமாத்தானே இருக்கும்?"

"இருக்கட்டும்."

"பயம் வந்தா என் கை சும்மா இருக்காது குரு. எதையாவது பிடிச்சுக் கட்டும். கையை எங்கதான் வெச்சுக்கிறது?"

"ஹேண்டில்ல."

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால், தங்கபுஷ்பம் ஹேண்டிலை இடது கோடி வரை திருப்பிக் கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். வலது கோடி வரை திருப்பி அதேபோல் பார்த்தாள். மனசு கேட்காமல் இன்னொரு தரமும் பார்த்தாள். பிறகு ஹார்ன் அடித்து, "வாங்கடா, ஏறுங்க!" என்று கூப்பிட்டாள்.