பொதியனின் கொழுப்பு

மூங்கில் காட்டுக் குட்டையில் பொதியன் என்ற பன்றி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. ஊரில் ஓர் இறைச்சிக் கடைக்குப் பின்னால் வளர்ந்து, தன் முறை வருவதற்குள் காட்டுக்குத் தப்பி வந்த பன்றி அது. கரையில் மொச்சை என்ற அதன் துணை கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

சிறுத்தையும் கழுதைப்புலியும் சேர்ந்து பாய்ந்து வந்தன. மொச்சை புதருக்குள் ஒளிந்தது. பொதியன் அகப்பட்டுக்கொண்டது. முன்பாதி சிறுத்தைக்கு, பின்பாதி கழுதைப்புலிக்கு என்று இரண்டும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தன.

பொதியன் தப்ப வழி தேடியது. ஓடினால் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். வேகமாக ஓடுவது அதன் வாய் மட்டும்தான்.

"ஐயா, தின்பதற்கு முன் ஒரு வார்த்தை. என்னைப் படைத்தவன் தூக்கக் கலக்கத்தில் படைத்துவிட்டான். கொழுப்பைச் சமமாகப் பரப்பாமல் கண்ட இடத்தில் அப்பியிருக்கிறான்."

கடையில் காதில் விழுந்ததையெல்லாம் அது எடுத்துச் சொன்னது. தோள்பட்டையில் சதைக்கு நடுவே கொழுப்பு ஓடுவதால் கறி மெத்தென்று இருக்குமாம். பின்தொடை பார்க்கத்தான் பருமன், மென்றால் சக்கையாம். அந்தத் தொடையை ஆட்டி ஆட்டித் தான் நடந்த நடையை நினைத்தால் தனக்கே சிரிப்பு வருகிறது என்றது.

கழுதைப்புலி சிரிக்கவில்லை. "இது தெரிந்துதான் முன்பாதியைக் கேட்டாயா?" என்று சிறுத்தையை முறைத்தது.

சிறுத்தை சமாதானம் பேசியது. குறுக்கே வெட்ட வேண்டாம், முதுகுப் பக்கம் எனக்கு, வயிற்றுப் பக்கம் உனக்கு என்றது. உடனே பொதியன், முதுகில் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் தனிப்பாளமாக இருக்கும், வயிற்றில்தான் கறியும் கொழுப்பும் அடுக்கடுக்காக வரும் என்று விளக்கியது. அப்படியானால் வயிறு எனக்கு என்றது சிறுத்தை. கழுதைப்புலி அதன் கழுத்தில் பாய்ந்தது. இரண்டும் கட்டிப் புரண்டன.

பொதியன் அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் அதன் பேச்சை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் கேட்டதில்லை. தோளா, வயிறா என்று அவை உறுமிக்கொண்டிருந்தபோது அது பக்கத்தில் போய் நின்று, "இரண்டு பேருமே என் கழுத்தை மறந்துவிட்டீர்களே" என்று ஆரம்பித்தது.

மொச்சை புதரிலிருந்து வந்து அதன் விலாவில் ஓங்கி முட்டியது. "உன் கறியின் அருமையை என்னிடம் அப்புறம் சொல்லு. இப்போது ஓடு!"

சிறுத்தை திரும்பிப் பார்ப்பதற்குள் பன்றிகள் இரண்டும் பக்கத்து முள்காட்டுக்குள் நுழைந்துவிட்டன. அங்கே சிறுத்தையாலும் கழுதைப்புலியாலும் வர முடியாது.

பொதியனுக்கு வெகுநேரம் மூச்சு வாங்கியது. பிறகு வெட்கத்தோடு சொன்னது: "என் உடம்பில் எங்கெங்கே கொழுப்பு இருக்கிறது என்று எல்லாம் தெரிந்த எனக்கு, நாக்கில் இருப்பது மட்டும் தெரியாமல் போயிற்று, மொச்சை."

தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவன் ஆபத்திலும் பிழைப்பான். ஆனால் பேச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.