மருத மரத்தை இறக்கிய நாள்

பூதலிங்கத்துக்கு வயது அறுபத்து நான்கு. அவருடைய குருவுக்கு நாற்பத்து மூன்று.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. எல்லோரும் அம்மா என்றார்கள். பூதலிங்கமும் அப்படித்தான் கூப்பிட்டார். தாமிரபரணிக் கரையில் நான்கு ஓட்டு அறைகள், ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. அவ்வளவுதான் அந்த ஆசிரமம். சாலைப் பணியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற பூதலிங்கம், அங்கே வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, அவர் மூன்றாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, எனக்குக் காவி எப்போ தருவீங்க?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு?"

"எல்லாத்தையும் விட்டாச்சு."

"எல்லாத்தையுமா?"

"வீட்டை விட்டேன். ஊரை விட்டேன். வீட்டுக்காரி எப்பவோ போய்ச் சேர்ந்துட்டா. மக ஒருத்தி இருந்தா. அவளையும் அறுத்து விட்டாச்சு."

"எப்படி அறுத்தீங்க?"

"இந்த ஆத்துலதான் தலைமுழுகினேன். ஒன்பது வருஷம் ஆச்சு."

"இப்போ அவ நினைப்பு வர்றதில்லையா?"

பூதலிங்கம் ஆற்றைப் பார்த்தார்.

"வருது. அதைத்தான் கேக்கேன். அறுத்த பிறகும் ஏன் வருது? மிச்சத்தையும் அறுக்க ஒரு வழி சொல்லுங்க."

அம்மா கீரைத்தண்டை ஒதுக்கி வைத்தார்.

"நாளைக்குக் காலையில மருத மரத்தை எடுக்கக் கிரேன் வருது. வேலை முடியற வரைக்கும் அவங்க கூட நில்லுங்க."

"இது என் கேள்விக்குப் பதிலா அம்மா?"

"ஒரு ஆள் குறையுதுன்னாங்க" என்றார் அம்மா.

மகளின் பெயர் செண்பகவல்லி. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது தாய் இறந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். பூதலிங்கம் சாலையில் வேலை முடிந்து திரும்பும்போது கையெல்லாம் தார் ஒட்டியிருக்கும். அவருடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பும் சத்தத்திலேயே அவள் கேட்டைத் திறந்துவிடுவாள். தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காருவாள். அவருடைய உள்ளங்கையை மடியில் வைத்து, தார் இளகி வரும்வரை கட்டைவிரலால் தேய்ப்பாள். தேய்க்கும்போது அன்று பள்ளிக்கூடத்தில் நடந்தது முழுவதையும் சொல்லி முடிப்பாள்.

இருபத்து நான்கு வயதில் அவள் ஒருவனை விரும்பினாள். அவன் வேறு சாதி. பூதலிங்கம் கூடாது என்றார். அவள் பதிவு அலுவலகத்தில் மணம் முடித்து, அன்று சாயங்காலமே அவனோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அரைமணி நேரம் நின்றாள். பூதலிங்கம் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் போனதும் எழுந்து நேரே ஆற்றுக்குப் போனார்.

பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். என்ன பெயர் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டோமே என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கிரேன் லாரி வந்தது.

ஓட்டி வந்தவர் மிக்கேல். நாற்பது வயதிருக்கும். கூடவே மரம் ஏறி அறுக்கும் சுடலைமுத்து. போன வெள்ளத்தில் கரை அரிக்கப்பட்டு, மருத மரத்தின் வேர் ஒரு பக்கம் வெளியே தெரிந்தது. மரம் மதிலைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆரம்பப் பள்ளிக்கூடம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை.

மிக்கேல் மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார். லாரியின் நான்கு இரும்புக் கால்களுக்கும் அடியில் கட்டைகளைப் போட்டார். ஒவ்வொரு காலையும் இறக்கி, கீழே குனிந்து பார்த்து, ஒன்றை மறுபடி தூக்கிக் கட்டையை மாற்றிப் போட்டார். இதற்கே ஒரு மணி நேரம் ஆனது.

பூதலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நான் ரோடு அகலப்படுத்துத வேலையில ஆயிரம் மரம் சாய்ச்சவன். ஒரு மரத்துக்கு அரை நாள் ஆவாது."

"ரோட்டுல சாய்க்கலாம் அண்ணாச்சி" என்றார் மிக்கேல். "இங்க சாய்க்க முடியாது. இறக்கணும்."

"என்ன வித்தியாசம்?"

"பாருங்க."

சுடலைமுத்து மேலே ஏறினான். உச்சியில் ஒரு கொப்பில் பெல்ட்டைச் சுற்றிக் கட்டினான். கிரேனின் கொக்கி இறங்கி வந்தது. மாட்டினான். மிக்கேல் கைப்பிடியை மெல்ல நகர்த்தினார். கம்பி விறைத்தது. கொப்பு கொஞ்சம் நிமிர்ந்தது. இலைகள் அசைந்து நின்றன.

"வெட்டச் சொல்ல வேண்டியதுதானே?" என்றார் பூதலிங்கம்.

"இருங்க. கொப்போட பாரத்தைக் கம்பி இன்னும் வாங்கலை."

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு கையை உயர்த்தினார். மேலே ரம்பம் உறுமியது. அறுபட்ட கொப்பு விழவில்லை. இருந்த இடத்திலேயே நின்றது. பிறகு கிரேன் அதைத் தூக்கி, மதிலுக்கு மேலாகத் திருப்பி, ஆசிரமத்து முற்றத்தில் இறக்கியது. தரையைத் தொட்டபோது சத்தமே இல்லை.

கொப்பு காற்றில் சுற்றாமல் இருக்க அதில் ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தார்கள். அதன் நுனியைப் பிடித்துக்கொள்வதுதான் பூதலிங்கத்தின் வேலை. பதினொரு மணிக்குள் எட்டுக் கொப்புகள் இறங்கின.

அப்போது கிரேன் ஒரு பெரிய கொப்பை முற்றத்தின் அந்தக் கோடியில் இறக்கிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து கிளைக்கவட்டில் உட்கார்ந்து காத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஆற்றுப் பக்கமாக ஒரு கொப்பு. தொடைப் பருமன்கூட இல்லை.

பூதலிங்கம் அண்ணாந்து சொன்னார்.

"ஏ தம்பி, அதுக்கெல்லாம் எதுக்குக் கிரேன்? வெட்டிப் போடு. ஆத்துலதான் விழும்."

"மிக்கேலண்ணன் வரட்டும் ஐயா."

"நான் சொல்லுதேன். போடு."

பெரியவர் சொல்கிறார் என்று சுடலைமுத்து ரம்பத்தை வைத்தான்.

கொப்பு பாதிதான் அறுபட்டது. மீதி நார் நாராகக் கிழிந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆற்றுப் பக்கம் போக வேண்டியது அப்படியே சுழன்று உள்பக்கம் திரும்பி, மூன்றாவது அறையின் கூரையில் விழுந்தது. ஓடுகள் நொறுங்கின.

அது பூதலிங்கத்தின் அறை.

மிக்கேல் குதித்து ஓடிவந்தார்.

"யாருல உன்னை வெட்டச் சொன்னது?"

"நான்தான்" என்றார் பூதலிங்கம்.

மிக்கேல் அவரைப் பார்த்தார். கோபத்தை விழுங்கிக்கொண்டு, "அடி யாருக்கும் இல்லையே?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை. சுடலைமுத்துவின் முழங்கை மட்டும் உரசியிருந்தது.

"அண்ணாச்சி, பச்சை மரம். பார்க்கத்தான் சின்னது. என்ன பாரம்னு தெரியாம வெட்டினா அது போற பக்கம் நம்ம கையில இல்லை."

பூதலிங்கம் தலையாட்டினார்.

அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது அறைக்குள் நுழைந்தார். பூதலிங்கம் பின்னாலேயே போனார்.

"நான் பாத்துக்கிடுதேன் அம்மா. நீங்க போங்க."

அம்மா குனிந்து ஓட்டுத் துண்டுகளை அள்ளத் தொடங்கியிருந்தார்.

பாயின் மேல் வெயில் விழுந்திருந்தது. அலமாரிப் பலகை ஒரு பக்கம் சரிந்து, மேலே இருந்த துணிகள் கீழே கிடந்தன. துணிகளுக்கு நடுவில் ஒரு பழைய பித்தான் வைத்த போன். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் சுவரில் இருந்த பிளக்குக்குப் போனது.

அந்த ஆசிரமத்தில் யாரும் தனியாகப் போன் வைத்துக்கொள்வதில்லை. கூடத்தில் பொதுவாக ஒன்று உண்டு.

அம்மா அதை எடுத்தார். தூசியை முந்தானையால் துடைத்தார். போன் சூடாக இருந்தது.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"வந்த நாள்லேருந்து."

"யார்கிட்டயும் பேசினதில்லையா?"

"இல்லை. ரெண்டு தடவை பேட்டரி மாத்தினேன். நம்பரை மாத்தலை. அவளுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர் ஒண்ணுதான்."

"எப்பவாவது ஆன் பண்ணிப் பாப்பீங்களா?"

"ஆஃப் பண்ணினதே இல்லை அம்மா."

அம்மா போனை அவர் கையில் கொடுத்தார். முறத்தில் இருந்த ஓடுகளை வெளியே கொட்டிவிட்டு வந்தார்.

"மரம் இன்னும் பாதி நிக்குது. அவங்க காத்திருப்பாங்க. போங்க" என்றார்.

பூதலிங்கம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கயிற்றைப் பிடித்தார்.

அடிமரத்தின் மேல் துண்டு கடைசிக்கு முந்தையது. சுடலைமுத்து இரண்டு பெல்ட் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். மிக்கேல் கைப்பிடியை நகர்த்தினார். கம்பி விறைத்தது. லாரி ஒரு முறை முனகியது. கிரேனின் கை லேசாக வளைந்தது.

"எவ்வளவு தம்பி?" என்று பூதலிங்கம் கேட்டார்.

மிக்கேல் எதிரே பாரம் காட்டும் கருவியைப் பார்த்தார்.

"ரெண்டரை டன். இன்னும் ஏறுது."

"தாங்குமா?"

"தாங்கும். அவசரப்படாம வாங்கினா தாங்கும்."

பூதலிங்கம் அண்ணாந்து நின்றார். மரம் அசையவில்லை. ஆனால் அது முழுவதும் இப்போது கம்பியில் இருந்தது. ரம்பம் ஓடி நின்றபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் விழுந்ததாக மிக்கேல் நினைத்தார்.

"கண்ணைக் கசக்காதீய அண்ணாச்சி. தண்ணி விட்டுக் கழுவுங்க."

நாலரை மணிக்கு வேலை முடிந்தது. பள்ளிக்கூடத்தின் ஓடு ஒன்றுகூட உடையவில்லை. மிக்கேலும் சுடலைமுத்துவும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போகும் முன்பு சுடலைமுத்து தானாகவே மூன்றாவது அறையின் மேல் ஏறி, ஓட்டை விழுந்த இடத்தில் தார்ப்பாய் விரித்துக் கட்டினான். பூதலிங்கம் கீழே நின்று கயிற்றை எடுத்துக் கொடுத்தார். "என் பேச்சைக் கேட்டு உனக்கு அடி படப் பாத்துச்சே, மன்னிச்சுக்கோப்பா" என்றார். சுடலைமுத்து சிரித்துக்கொண்டே இறங்கினான்.

லாரி போனது.

பொழுது சாயும் நேரத்தில் கொக்குகள் வந்தன. இருபது முப்பது இருக்கும். மரம் நின்ற இடத்துக்கு மேலே வந்ததும் வரிசை கலைந்தது. ஒரு சுற்று சுற்றின. மறுபடி ஒரு சுற்று. உட்காரக் காலை நீட்டி, நீட்டிய காலை மடக்கிக்கொண்டு மேலே ஏறின. பிறகு அக்கரைக்குப் போயின. ஒரே ஒரு கொக்கு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பூதலிங்கம் அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் போன் இருந்தது. அம்மா வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

"அம்மா, கூப்பிட்டா அவ எடுக்க மாட்டா."

"எப்படித் தெரியும்?"

"என் மக. என்னை மாதிரித்தான் இருப்பா."

பூதலிங்கம் போனை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்துட்டான்னா என்ன பேச? தலைமுழுகினவன் என்னன்னு பேச்சை ஆரம்பிப்பான்?"

"ஒன்பது வருஷமா அவகிட்ட மனசுக்குள்ள பேசறதைச் சத்தமா பேசுங்க."

பூதலிங்கம் எண்களை அழுத்தினார். பார்க்காமலே அழுத்தினார். காதில் வைத்தார். மணி அடிப்பது அம்மாவுக்கும் கேட்டது. பூதலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. உதடு ஏதோ சொல்லத் தயாரானது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

அவர் போனை மடியில் வைத்தார்.

"எடுக்கலை. அன்னைக்கு அரைமணி நேரம் வெளிய நின்னா. நான் கேட்டைத் திறக்கலை."

அம்மா ஒரு எட்டு கிட்டே வந்தார்.

"அதுக்கப்புறம் அவ போன் பண்ணினாளா?"

"பண்ணினா. நான் எடுக்கலை."

"எத்தனை தடவை?"

பூதலிங்கம் உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை.

"பதினேழு."

"நீங்க?"

"இப்போ ஒண்ணு."

அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து, மரத்தூள் படிந்திருந்த அவருடைய முதுகைத் தட்டிவிட்டார்.

"எழுந்திரிக்காதீங்க. சாப்பாட்டை நான் இங்கேயே கொண்டுவந்து தர்றேன்."