வேகத்தடைக்குப் பின்னால் யார்?

நடுரோட்டில் வண்டி நிற்கிறது. பின்னால் நிற்கும் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பரமகுரு தரையில் படுத்து, தன் குட்டியானை வேனின் டயருக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே ரத்தம் இல்லை. செருப்பு இல்லை. ஒன்றுமே இல்லை. சற்று முன்னால் பார்த்தபோதும் இல்லை.

"யோவ், என்னய்யா தேடுற?"

"யார் மேலயாவது ஏத்திட்டேனான்னு பாக்கேன், அண்ணாச்சி."

"ஏத்தியிருந்தா ஊரே உன்னைத் தூக்கிப் போட்டு மிதிச்சிருக்குமே!"

நியாயமான பேச்சு. பரமகுருவுக்கும் அது தெரியும். தெரிந்தும் நம்ப முடியவில்லை, அதுதான் வியாதி. கோவில்பட்டியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். இத்தனை வருஷத்தில் ஒரு கோழி மேல்கூட ஏற்றியதில்லை. ஆனால் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், "ஆள் மேல ஏத்திட்ட, திரும்பிப் போய்ப் பார்" என்று மனசு உத்தரவு போடும். போய்ப் பார்ப்பான். கேன் லேட்டாகும். அன்றைக்கு முதலாளி செண்பகராஜ் நேராகவே சொல்லிவிட்டார்: "இனியும் லேட்டானா சாவியை வச்சிட்டுப் போயிரு, குரு." வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். மனநல டாக்டர் எமிமா மாத்திரை எழுதினார், மறுபடி வரச் சொன்னார். அவன் மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு, "நான் என்ன பைத்தியமா?" என்று அடம் பிடித்தான். ஆகவே அவன் மேல் உயிரையே வைத்திருந்த மூன்று பேர் ஆளுக்கொரு வைத்தியத்தில் இறங்கினார்கள்.

மனைவி செல்வக்கனி வண்டியில் அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். குழி வரும். "கனி, ஏத்திட்டேனா?" என்பான். "இல்லீங்க" என்பாள். அவன் முகம் தெளிந்துவிடும். முதலில் ஒரு "இல்லீங்க" போதுமாக இருந்தது. அப்புறம் "நல்லாப் பாத்தியா?" வந்தது. அப்புறம் "பிள்ளை மேல சத்தியம் பண்ணு" வந்தது. பண்ணினாள். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இசக்கிராஜா மாத்திரையைப் பொடித்து, தம்பிக்குத் தெரியாமல் காப்பியில் கலந்தான். சரியான மருந்துதான். ஆனால் கசந்தது.

"என்னண்ணே கலந்திருக்க?"

"உன் நல்லதுக்குத்தாம்ல."

அன்றிலிருந்து பரமகுரு வீட்டில் காப்பியைத் தொடவில்லை. ஏற்கெனவே ஒரு சந்தேகம், இப்போது இரண்டு.

மைதீன் அவனோடு கேன் இறக்குகிறவன், சின்ன வயசுக் கூட்டாளி. அவன் வண்டிக்குப் பின்னால் கேமரா மாட்டினான். "இனி நீ இறங்கவே வேணாம் மாப்ள. வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பாத்துக்க." பிரமாதமான யோசனை என்று எல்லோரும் மெச்சினார்கள். கேனும் நேரத்துக்குப் போனது. பரமகுரு சோற்றை ஆறவிட்டுப் படம் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் மைதீனிடம், "இடது பக்கம் தெரியலையே, அங்க ஒண்ணு மாட்டுவியா?" என்றான்.

"அடுத்து டயருக்குள்ள ஒண்ணு கேப்ப!"

மைதீன் சிரித்தான். பரமகுரு சிரிக்கவில்லை. தூக்கம் கெட்டுப்போய், கை நடுங்க ஆரம்பித்திருந்தது. "இந்தக் கையோட ஓட்டுனா நிஜமாவே ஏத்திருவேன். டாக்டரம்மாகிட்டயே போவோம்" என்று அவனே சொன்னான். நான்கு பேரும் போனார்கள்.

டாக்டர் எமிமா எல்லாக் கதையையும் கேட்டார். "மாத்திரையை அவர் கையில குடுங்க, எதுக்குன்னு சொல்லிக் குடுங்க. கேமராவைக் கழட்டுங்க. நீங்க, அம்மா, இனிமே 'இல்லீங்க'ன்னு சொல்லாதீங்க. 'தெரியாது'ன்னு சொல்லுங்க."

செல்வக்கனிக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்க தவிக்கிறப்ப எப்படி டாக்டர்?"

"பயம் ஏறும். விட்டா தானா இறங்கும். அது இறங்குறதை இவர் பாத்ததே இல்ல, அதுக்குள்ள நீங்க எல்லாரும் காப்பாத்திருறீங்க." பரமகுருவைப் பார்த்தார். "முதல்ல உங்க தெரு வேகத்தடை. பழகினதும் பெரிய ரோடு. திரும்பிப் போய்ப் பாக்கக் கூடாது."

தெரு வேகத்தடையே அவனை ஆட்டிவைத்தது. சில நாள் திரும்பினான், சில நாள் திரும்பவில்லை. மாத்திரையை அண்ணன் முன்னாலேயே விழுங்கினான். மாதங்கள் போயின.

ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாசலில் இருக்கிற வேகத்தடையில் வண்டி 'தடக்'கென்று ஏறி இறங்கியது. சுற்றிலும் பிள்ளைகள்.

"கனி, ஏத்திட்டேனா?"

"தெரியாதுங்க" என்றாள். ஸ்டியரிங் அவன் வியர்வையில் வழுக்கியது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. கடைசி வீட்டில் கேன் இறங்கியபோது, "பசிக்குது கனி" என்றான்.

செண்பகராஜ் கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கே சண்டை ஆரம்பித்தது.

"மாத்திரை குடுத்தது நாந்தாம்ல!" என்றான் இசக்கிராஜா.

"கேமராவைக் கழட்டினது யாரு? நானு!" என்றான் மைதீன்.

"அப்ப நான் வாயைக் கட்டிக்கிட்டு வெந்தேனே, அதுக்குப் பேரு என்ன?" என்றாள் செல்வக்கனி.

சாவியை அவன் கையில் தங்க வைத்தது யார்? கீழே போகாமல் சொல்லுங்கள், பார்ப்போம்.

விடை: மைதீன் தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தான், அவ்வளவுதான். இசக்கிராஜாவின் மாத்திரை மனசின் கூச்சலைக் குறைத்தது உண்மை, ஆனால் ஒளிக்காமல் கொடுத்த பிறகுதான். செல்வக்கனிக்கு இவர்களைவிடப் பெரிய பங்கு. அவள் செய்த ஒவ்வொரு சத்தியமும் பயத்துக்குப் போட்ட சோறு. "தெரியாதுங்க" என்றபோதுதான் அது பட்டினி கிடந்தது. ஆனாலும் மூவரும் வழியை விட்டு விலகி நின்றவர்கள்தான். ஓட்டினவன் வேறு ஆள். வியாதி இன்னும் முழுசாகப் போகவில்லை, உத்தரவு இன்னும் வருகிறது. அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலிலும் வந்தது: "ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்." பரமகுரு திரும்பவில்லை.