அம்மா வாயில வராத பேரு

நாளைக்கு உன் ரெண்டு தம்பிங்களுக்கும் பேர் வைக்கிறாங்கல்ல, அதான் தாத்தாவுக்கு இந்தக் கதை ஞாபகம் வந்துச்சு. ஆனா முதல்லயே சொல்லிடறேன் தங்கம், இந்தக் கதையைத் தாத்தா ரொம்ப வருஷமா நம்பல. காத்தாயி பெரியம்மா சொன்ன கதை. பிள்ளைங்க கண்மாய்ப் பக்கம் போகாம இருக்கறதுக்காக அவங்களே கட்டிவிட்டதுன்னு சின்ன வயசுல நெனச்சாச்சு. வளர்ந்தப்புறம், இப்படியெல்லாம் நடக்காதுன்னு சொல்லிப் பார்த்தாச்சு. ஏன் நடக்காதுன்னும் கேட்டுப் பார்த்தாச்சு. இன்னும் ஒரு முடிவுக்கு வரல. சிரிப்புக் கதை இல்ல. பரவாயில்லையா?

ம்.

அப்போ ‘ம்’ கொட்டிக்கிட்டே இரு. ‘ம்’ நின்னா நீ தூங்கிட்டேன்னு வச்சுக்கிறேன்.

ஒரு ஊர்ல ஒரு செம்பாயி. அந்த ஊர்ல ஒரு பெரிய கண்மாய். மழைத்தண்ணி வந்து தேங்குற ஏரி இருக்கு பாரு, அதுதான். கண்மாய்க்கரை ஓரமா செம்பாயி வீடு மட்டும் தனியா இருக்கும். மத்த வீடெல்லாம் தள்ளி, அந்தப் பக்கம். வீட்டுல புருஷன், மாமியா, செம்பாயி. மாமனார் அப்பத்தான் செத்துப் போயிருந்தாரு.

அப்புறம், செம்பாயிக்கு வயித்துல புள்ள. ‘குவா’ன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள இன்னொரு ‘குவா’. ரெட்டைப் புள்ள! ரெண்டும் ஆம்பளைப் புள்ள. அச்சு அசல் ஒரே மூக்கு, ஒரே முழி. உடனே வீட்டுல சண்டை ஆரம்பிச்சிருச்சு, யாரு மூத்தவன்னு.

“முதல்ல வந்தவன்தான் மூத்தவன்”ங்கறா மருத்துவச்சி.

“அதெப்படி? வண்டியில கடைசியா ஏறினவன்தான முதல்ல எறங்குவான்? உள்ள உக்காந்திருந்தவன்தான் முதல்ல ஏறினவன். அவன்தான் மூத்தவன்”ங்கறா மாமியா.

“சரி ஆத்தா, நீயே சொல்லிக்க. வலி எடுத்துப் பெத்தவ நீதான!”

ம்... ஏன் தாத்தா சண்டை?

பேருக்காகத்தான். அந்த ஊர்ல மூத்த பேரனுக்கு அப்பனைப் பெத்தவர் பேரு வைக்கணும். அடுத்தவனுக்கு அம்மாவைப் பெத்தவர் பேரு. அது ஒரு வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. மருமக மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னா அந்தப் பேரைச் சுமக்கிறவங்களுக்கு ஆயுசு கொறைஞ்சு போகும். ரெண்டு வழக்கமும் தனித்தனியா இருந்தவரைக்கும் ஒரு வம்பும் இல்ல. செம்பாயி வீட்டுல ரெண்டும் சேர்ந்து ஒரே புள்ள தலையில வந்து உக்காந்துச்சு. அந்தப் பேரு மாமியாளுக்குப் புருஷன் பேரு, செம்பாயிக்கு மாமனார் பேரு. ரெண்டு பேருமே சொல்ல முடியாது.

மாமியா எப்படிப்பட்டவங்கற? கோயிலுக்குப் போனா பூசாரி கேப்பாரு, “ஆத்தா, யார் பேருக்கு அருச்சனை?”

“அதான் உனக்குத் தெரியும்ல?”

“எனக்குத் தெரியும். சாமிக்குச் சொல்லணும்ல?”

“உனக்கே தெரிஞ்சது சாமிக்குத் தெரியாதாக்கும்! மணியை ஆட்டு.”

ம்.

சிரிக்கிறியா? சிரி சிரி. செம்பாயிக்கு மட்டும் சிரிப்பு வரல. மடியில கெடக்கிற புள்ளயப் பார்க்கறா. இவனை நான் எப்படிக் கூப்பிடுவேன், சோத்துக்கு எப்படிக் கூப்பிடுவேன், தூரமாப் போனா எப்படிக் கூப்பிடுவேன்?  நேரா மாமியாகிட்ட போனா.

“அத்தை, அத்தை, மூத்தவனுக்கு நான் கூப்பிடுற மாதிரி ஒரு பேரு வைங்க அத்தை.”

மாமியா திட்டுவான்னு நெனச்சா. திட்டல. கண்ணு கலங்கிருச்சு. “அவுக இந்த வீட்டுக்குள்ள திரும்பி வர்றதுக்கு இது ஒண்ணுதான் வழி, செம்பாயி. அதையும் அடைக்கிறியே.”

 அப்புறம் புருஷன்கிட்ட போனா.

“எங்கப்பன் பேரு இல்லாம எனக்கு எதுக்குடி மூத்த புள்ள? நீ ராசான்னு கூப்பிடு, கண்ணுன்னு கூப்பிடு, கழுதைன்னுகூடக் கூப்பிடு. பேர் சொல்லிக் கூப்பிட நான் இருக்கேன்ல!”

அப்புறம் நாத்தனா. தொட்டில்ல போட்டுப் புள்ள காதுல பேரைச் சொல்றது அத்தைக்காரியோட உரிமை இல்லையா, அவகிட்ட போனா. அவ இடுப்புல கை வச்சுக்கிட்டுக் கேட்டா, “ஏன் மதினி, அம்மா முறை பத்தாதுன்னு அத்தை முறையையும் நீங்களே எடுத்துக்கலாம்னு பாக்குறீங்களா?” எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க.

அப்போ தொட்டில்ல போட்டாங்க. மூத்தவன் காதுல ‘குசுகுசு’ன்னு ஒரு பேரு. இளையவன் காதுல ‘குசுகுசு’ன்னு, சாத்தையா. அது செம்பாயியோட அப்பா பேரு. அதைச் சொல்ல மகளுக்குத் தடை ஏது? மூத்தவனுக்குப் பேர் சொல்றப்போ மட்டும் செம்பாயி தன் காதைப் பொத்திக்கிட்டா. காதுல விழுந்தது எப்பவாவது தன்னை அறியாம வாயில வந்துடுமோன்னு பயம்.

ம்.

அப்புறம் புள்ளைங்க வளர்ந்தாங்க. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் அந்த வீட்டுல ஒரே பேருதான் கேக்கும். “சாத்தையா, சோறு திங்க வா! சாத்தையா, எருமை மேல ஏறாத! அடேய் சாத்தையா, மூக்கைத் தொடைடா!” மூத்தவனுக்கு, “ஏய்.” மூத்தவனுக்கு, “இந்தா.” கொஞ்சம் ஆசையா இருந்தா, “பெரியவனே.” அவ்வளவுதான்.

ஒரு நாள் அவன் அம்மா மடியில படுத்துக்கிட்டுக் கேட்டான்.

“ஏம்மா, என் பேரை நீ சொல்லவே மாட்டியா?”

“மாட்டேன் சாமி.”

“ஒரே ஒரு தடவை? காதுல?”

“சொன்னா உனக்கு ஆகாதுடா.”

 “சொன்னா நான் செத்துப் போயிருவேனா?”

டப்புன்னு அவன் வாயைப் பொத்திட்டா செம்பாயி. பொத்துன கையை ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.

அதுல இருந்து அந்தப் பயல் அதை ஒரு பெருமையா ஆக்கிக்கிட்டான். தம்பிகிட்ட போய்ச் சொல்லுவான், “உன் பேரைத்தான்டா அம்மா சும்மா சும்மா சொல்லுது. என் பேரைச் சொல்லவே சொல்லாது. நான் செத்துப் போகக் கூடாதுல்ல?” சாத்தையா உதட்டைப் பிதுக்கிக்கிட்டு அம்மாகிட்ட வந்து அழுவான். “அப்போ நான் மட்டும் செத்துப் போகலாமா?” 

ம்ம்.

அப்புறம் மாமியா இருக்காளே, அவளுக்குப் பேரப்புள்ளைங்கன்னா உசுரு. தண்ணிப் பக்கம் போயிடுவாங்களோன்னு பயம். அதனால ஒண்ணு சொல்லிவச்சா. “கண்மாய் மடையில ஒரு முனி இருக்கு. உங்க ஆத்தா குரல்லயே கூப்பிடும். வாடா கண்ணு, வாடா ராசான்னு கூப்பிடும். ஆனா அதுக்கு யார் பேரும் தெரியாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மனுசங்க. பேர் சொல்லாமக் கூப்பிட்டா முனி. அசையக் கூடாது. தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது அப்பத்தா”ன்னாங்க ரெண்டு பேரும். நல்லதுக்குத்தான் சொன்னா. அவ நல்லதுக்குத்தான் சொன்னா.

அப்புறம் ஐப்பசி மாசம். மழைன்னா மழை. சடசடசடன்னு ஓயாம ஊத்துது. மேல இன்னொரு கண்மாய் இருக்கு, அந்தக் கரை உடைஞ்சிடப் போவுதுன்னு ஊர் ஆம்பளைங்க எல்லாம் மண்வெட்டியோட அங்க ஓடிட்டாங்க. செம்பாயி புருஷனும்தான். அப்போ வீட்டு ஆட்டுக்குட்டி ஒண்ணைக் காணோம். கண்மாய்க்கு நடுவுல ஒரு மண்திட்டு, அதுல கருவேல மரம். ‘மே மே’ன்னு சத்தம் அங்க இருந்து வருது. மேல்கண்மாய் நெறைஞ்சாத்தான் இங்க தண்ணி வரும், அதனால அப்போ கணுக்கால் அளவுதான். ரெண்டு பயலுகளும் யாருகிட்டயும் சொல்லாம, சளக்கு சளக்குன்னு நடந்து போயிட்டாங்க.

ம்...

அவங்க போய்ச் சேர்ந்த நேரம், மேல்கண்மாய்க் கரை உடைஞ்சிருச்சு. தடதடதடன்னு தண்ணி. பொழுது வேற மங்கிருச்சு. மழை திரை போட்ட மாதிரி எறங்குது, எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னு தெரியல. செம்பாயி கரையில ஓடிவந்து நின்னு கத்தினா.

“சாத்தையா! சாத்தையாவ்!”

தண்ணிக்குள்ள சளப்பு சளப்புன்னு சத்தம். குரல் வந்த திக்கைப் புடிச்சுக்கிட்டு, ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில சாத்தையா வந்து சேர்ந்தான். இழுத்து மேல போட்டா.

“அண்ணன் எங்கடா?”

“மரத்துல ஏறிக்கிட்டான். வான்னேன், வரல. உன் பேரைத்தான சொல்லுது, என் பேரைச் சொல்லலயே, அது முனியா இருந்தா என்ன பண்றதுன்னு கேக்கறான்.”

செம்பாயி திரும்பவும் கத்தினா. “பெரியவனே! ஏய் பெரியவனே! அம்மாடா, வாடா!”

மழைக்குள்ள இருந்து சின்னக் குரல் வந்துச்சு. “பேரைச் சொல்லு!”

அவ தண்ணியில எறங்கினா. நெஞ்சளவு போனா. தண்ணி அவளைப் புரட்டிக் கரையிலயே கொண்டாந்து போட்டுச்சு. திரும்ப எறங்கினா, திரும்பவும் போட்டுச்சு. அதுக்குள்ள மாமியா ஓடிவந்துட்டா.

“ஐயா! எங்கய்யா! என் ராசா! அப்பத்தாடா!”

“பேரைச் சொல்லு!”

ரெண்டு பொம்பளைங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மாமியா, “சொல்ற வாய் உள்ளவங்க யாரையாச்சும் கூட்டியாரேன்”னு ஊரைப் பார்த்து ஓடுனா. சேத்துல விழுந்து எந்திரிச்சு, விழுந்து எந்திரிச்சு ஓடுனா.

அப்போ செம்பாயி சாத்தையாவைப் புடிச்சு உலுக்கினா. “நீ கூப்பிடுடா! உன் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிடு!” அந்தப் புள்ளைக்குக் குளிர்ல பல்லு கடகடன்னு அடிக்குது. “அ... அ...ண்ணே”ங்கறான். பூனைக்குட்டி முனகுற மாதிரி இருக்கு. அது மழையைத் தாண்டி எங்க போகும்?

ம் கொட்டு தங்கம். என்ன, தூங்கிட்டியா?

சரி. மிச்சத்தை மெல்லச் சொல்லி முடிச்சிடறேன்.

இப்போ அங்க செம்பாயி மட்டும்தான். சொல்லலைன்னா வர மாட்டான். சொன்னா ஆயுசு கொறையும். சொல்லாம இருந்தா இந்தத் தண்ணி, சொன்னா அந்தச் சாபம். மரம் ‘கிரீச்’சுங்குது. அவ அடிவயித்துல இருந்து, மாமனார் பேரைச் சொன்னா. பொறந்ததுல இருந்து அவன் அம்மா வாயால கேட்காத பேரை முழுசா, ஊரே கேக்குற மாதிரிச் சொல்லிக் கூப்பிட்டா.

 அப்புறம் அந்தச் சின்னக் குரல் வந்துச்சு. அழுகையா வந்துச்சு.

“நீ எங்கம்மா இல்ல. எங்கம்மா அந்தப் பேரைச் சொல்லாது.”

கிரீச்... சடார். அப்புறம் தண்ணிச் சத்தம் மட்டும்தான்.

ஊர்க்காரங்களைக் கூட்டிக்கிட்டு மாமியா வந்து சேர்ந்தப்போ, செம்பாயி அந்தப் பேரையே சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தா. விடாமச் சொல்லிக்கிட்டிருந்தா. மருமக வாயால சொன்னதுனாலதான் புள்ள போச்சுன்னு ஊரு சொல்லுச்சு.  சொன்னது தப்பா, சொல்ல நேரமானது தப்பா, இல்ல அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது அவன் காதுல சொல்லிப் பழக்காதது தப்பா? செம்பாயி ஆயுசு முழுக்க இதையே கேட்டுக்கிட்டிருந்தா.  அப்புறம் அவ அந்தப் பேரை வாயில எடுக்கவே இல்ல.

கதை அம்புட்டுத்தான். கண்ணு ரெண்டும் கதவைச் சாத்தட்டும். தூங்கு தங்கம்.

போன மாசம் தாத்தா காத்தாயி பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். படுத்த படுக்கையா இருக்காங்க. கட்டில்கிட்ட உக்காந்து, அவங்க கையைப் புடிச்சுக்கிட்டு, இத்தனை வருஷமா கேட்காததைக் கேட்டேன்.

“பெரியம்மா, அந்தப் பெரியவன் பேரு என்ன?”

பெரியம்மா என் கையில இருந்து தன் கையை உருவி, டப்புன்னு தன் வாயைப் பொத்திக்கிட்டாங்க.