ஏரிக்குப் போகாத கௌதாரி

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு கதையென்றால் பரவாயில்லை. நரிக்குப் பதில் ஓநாய் என்று சொல்லிவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்தக் கதையில் திசை இருக்கிறது. கிழக்கை மேற்கு என்று நான் உளறிவிட்டால், கேட்டவர்கள் ஒருநாள் தப்பான பக்கம் ஓடிவிடுவார்கள். அதனால் முதலில் திசையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு புதர்க்காடு. அதற்குக் கிழக்கே, பள்ளத்தில், ஓர் ஏரி. மேற்கே, கொஞ்சம் மேடான இடத்தில், மனிதர்கள் கல் வெட்டி முடித்துவிட்டு விட்டுப்போன ஒரு குவாரி. வடக்கே ஒரு பாறைக் குன்று. இவ்வளவுதான்.

அந்தக் காட்டில் ஒரு கௌதாரி இருந்தது. தரையில் புல்லுக்குள் கூடு. அந்த வருஷம் ஐந்து குஞ்சுகள். இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள். அம்மா ஓடினால் பின்னால் ஓடும், நின்றால் நிற்கும். பருந்தை நினைத்து கௌதாரிக்கு ஒரு பயம், பாம்பை நினைத்து ஒரு பயம், ஒன்றும் வராத நாளில் ஏன் ஒன்றும் வரவில்லை என்று ஒரு பயம்.

ஒருநாள் காகம் பறந்து வந்து கத்தியது. “குவாரியில லாரி வந்து நீல டிரம்களைப் போட்டுட்டுப் போயிருக்கு. ஒண்ணுல லேசா ஒழுகுது. பக்கத்துக் குட்டையில இருந்த தவளை எல்லாம் செத்து மிதக்குது. டிரம்ல இருந்து வர்ற புகை மேலே போகல. தரையோட தரையா ஊர்ந்து போகுது!”

காட்டு மன்றம் கூடியது. தலைவர் கரடி. செயலாளர் குரங்கு.

கரடி தொண்டையைச் செருமியது. “யாரும் பயப்படவேண்டாம். ஏற்பாடு பண்ணிடலாம். டிரம் வெடிச்சா மயில் விடாம அகவும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஏரிக்குப் போயிடணும்.”

“ஏரிக்கு ஏன் தலைவரே?” என்று முயல் கேட்டது.

“இது ஒரு கேள்வியா? காட்டுல தீப்பிடிச்சப்போ எங்கே போனோம்? ஏரிக்கு. தண்ணியில கழுத்தளவு நின்னோம். தப்பிச்சோம். ஆபத்துன்னா ஏரிதான். எங்கப்பா காலத்துலயும் ஏரிதான்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தீயை யாரும் மறக்கவில்லை.

கௌதாரி மட்டும் சிறகைத் தூக்கியது. “தலைவரே, மயிலுக்குத் தொண்டை கட்டிக்கிட்டா?”

“கட்டாது.”

“மயில் மழைக்கும் அகவுமே, எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“நிறுத்தாம அகவினா ஆபத்து. விட்டுவிட்டு அகவினா மழை.”

“ஓடுற நேரம் பாத்து பருந்து வந்தா? வழியில முள் கிடந்தா? ஏரி வத்திப்போனா? காத்து ஏரிப் பக்கமா அடிச்சா? ராத்திரி நான் தூங்கிட்டா?”

குரங்கு கிளையில் புரண்டு சிரித்தது. “யக்கா, வானம் இடிஞ்சு விழுந்தா என்ன பண்றதுன்னும் கேட்டுடு. மனசுலயே வெச்சுக்காதே.”

கூட்டம் சிரித்தது. கௌதாரிக்கு அழுகை வந்தது. “நான் கேட்டதுல ஒண்ணாவது நல்ல கேள்வியா இருக்காதா?” என்றது.

“இருக்கலாம். எதுன்னு உனக்கே தெரியாதே,” என்றது குரங்கு.

அது உண்மைதான். கௌதாரிக்குத் தெரியாது. கேட்ட எல்லாக் கேள்விகளும் அதற்கு ஒரே அளவு பயத்தோடுதான் வந்தன.

“சரி, மிச்சத்தை அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்,” என்றது கரடி. கூட்டம் கலைந்தது.

ஏற்பாட்டை மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒத்திகை வைத்தார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலையில் மயில் நிறுத்தாமல் அகவும். எல்லோரும் ஏரிக்கு ஓடுவார்கள். முதலில் சிலர் வரவில்லை. தூக்கம், சோம்பல். அப்போது குரங்குக்கு ஒரு யோசனை வந்தது. ஏரிக்கரையில் அத்திப்பழம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கரடி தன் பங்குக்குத் தேன் அடையும் கொண்டுவந்தது.

அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தவறவில்லை. மயில் வாயைத் திறப்பதற்கு முன்பே மான்கள் கரையில் நின்றன. குரங்குக் குட்டிகள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. “நம்ம காட்டு ஏற்பாடு மாதிரி எந்தக் காட்டுலயும் கிடையாது,” என்று கரடி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது.

காலையில் அந்தக் காட்டில் காற்று எப்போதும் ஏரியிலிருந்து குவாரிப் பக்கம்தான் அடிக்கும். முகத்தில் குளுகுளுவென்று படும். ஒத்திகை நாளெல்லாம் அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் காற்று திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாயங்காலத்தில் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் ஓர் ஆமை இருந்தது. பழத்தைச் சேர்த்து வைத்து, வருகிறவர்களை வரவேற்று எடுத்துக் கொடுப்பது அதன் பொறுப்பு. கௌதாரிதான் எப்போதும் கடைசியில் வரும். ஐந்து குஞ்சுகளையும் முள்ளுக்கும் பருந்துக்கும் காட்டாமல் கூட்டிவர வேண்டுமே. அது வந்து சேரும்போது பழம் தீர்ந்திருக்கும். ஆமை ஒரு பழத்தை எடுத்து இலையால் மூடி, மேலே காலை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

“வாம்மா, பயந்தாங்கொள்ளி,” என்று சிரிக்கும். “உனக்குன்னு எடுத்து வெச்சேன். அந்தக் குரங்குப் பசங்க கண்ணுல படாம இதை மறைக்கிறதுதான் எனக்குப் பெரிய ஆபத்து.”

“அண்ணே, நிஜமா வெடிச்சா நீங்க எப்படி ஓடுவீங்க?” என்று கௌதாரி கேட்கும்.

“நான் எதுக்கு ஓடணும்? எல்லாரும் ஓடி வர்ற இடத்துலதானே நான் இருக்கேன்.”

கௌதாரி அதைக் கேட்டு நிம்மதி அடைய முயற்சி செய்யும். முடியாது.

கோடை முற்றியது. குவாரிப் பாறை கொதித்தது. வெயில் சாய்கிற ஒரு நேரத்தில் மேற்கே ‘டப்’ என்று ஒரு சத்தம். குவாரி மேட்டில் ஒரு மரத்தில் இருந்த மயில் எட்டிப் பார்த்தது. டிரம் ஒன்று பிளந்து கிடந்தது. மஞ்சள் புகை, கொட்டிய பாலைப்போல, தரையில் பரவியது.

மயில் அகவியது. நிறுத்தாமல் அகவியது.

“ஒத்திகையா? இன்னிக்கு பௌர்ணமிக்கு மறுநாள் கூட இல்லையே,” என்றது ஒரு மான்.

“போன தடவை தேன் பத்தலைன்னு எல்லாரும் முணுமுணுத்தாங்கல்ல, அதுக்காக வெச்சிருப்பாங்க,” என்றது குரங்கு. “வாங்க, வாங்க, முதல் வரிசையைப் பிடிப்போம்!”

எல்லோரும் சந்தோஷமாக ஓடினார்கள். கௌதாரியும் ஓடியது. எல்லோரும் போகும்போது அது மட்டும் எப்படி நிற்கும்? குஞ்சுகள் பின்னால் வரிசையாக ஓடி வந்தன.

பாதி வழியில் கௌதாரியின் முதுகில் இருந்த ஒரு சின்ன இறகு உதிர்ந்தது. உதிர்ந்த இறகு பின்னால் போகவில்லை. கௌதாரியின் தலைக்கு மேல் எழும்பி, அதற்கு முன்னால், ஏரியை நோக்கிப் பறந்தது.

கௌதாரி நின்றது. குஞ்சுகளும் நின்றன.

காற்று முகத்தில் படவில்லை. வாலைத் தூக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கோரைப் புல்லெல்லாம் ஏரிப் பக்கம் சாய்ந்திருந்தது. புகை தரையோடு தரையாக ஊரும் என்று காகம் சொன்னது அதற்கு ஞாபகம் வந்தது. ஏரி பள்ளத்தில் இருப்பதும் ஞாபகம் வந்தது.

‘நிஜமாவே வெடிச்சிருந்தா, நாம ஓடுற இடத்துக்குத்தானே புகையும் ஓடும்,’ என்று நினைத்தது.

ஆனால் தப்பாக இருந்தால்? இத்தனை பேரும் ஏரிக்குப் போகும்போது, தன் குஞ்சுகளை மட்டும் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய், அங்கே அவை செத்துவிட்டால்? திரும்பிப் போகவும் முடியாது. பின்னால் குவாரி. கௌதாரி ஏரியைப் பார்த்தது, வடக்கே இருந்த பாறைக் குன்றைப் பார்த்தது. குன்றின் மேல் முள் நிறைய. பருந்துக்கு மறைவும் கிடையாது. அது வாழ்நாளெல்லாம் பயந்த இடம்.

கடைசிக் குஞ்சு இருமியது. சின்ன இருமல்.

கௌதாரி வடக்கே திரும்பியது. “பாறைக்கு வாங்க! காத்து ஏரிப் பக்கம் அடிக்குது! குறுக்கே வாங்க!” என்று கத்திக்கொண்டே ஓடியது.

“யக்கா, உன் பழத்தை நான் தின்னுடுறேன்,” என்று குரங்கு கூவிவிட்டுப் போனது.

முயல் மட்டும் நின்று மூக்கைச் சுருக்கியது. தன் குட்டிகளைப் பார்த்தது. கௌதாரியின் பின்னால் ஓடிவந்தது.

குன்றேறிப் பார்த்தபோது மஞ்சள் புகை புல்லுக்குள் புகுந்து ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. கரையில் கூட்டம் பழத்துக்குக் காத்திருந்தது.

கௌதாரியும் முயலும் கத்தின. எட்டவில்லை. கௌதாரி எழும்பிப் பறந்து, பாறை விளிம்பில் நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டது. கரடி தலையைத் திருப்பிய நேரத்தில் புகை முதல் வரிசையை எட்டிவிட்டது.

அப்புறம் அங்கே வரிசை இல்லை. இருமலும் ஓலமும்தான். கண் தெரியாமல் மான்கள் ஒன்றையொன்று முட்டின. கரடி குரங்குக் குட்டிகளை முதுகில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கௌதாரியின் குரல் வந்த பக்கமாகத் தட்டுத் தடுமாறி ஓடிவந்தது. மற்றவையும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தன. எல்லாமும் வரவில்லை.

மறுநாள் காற்று மாறியது. புகை கலைந்தது. ஏரியில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கரையில் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு இருந்தது. கௌதாரி பக்கத்தில் போய், “அண்ணே,” என்று கூப்பிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டது. தலை வெளியே வரவில்லை. அதன் முன்காலுக்கு அடியில் ஓர் இலை இருந்தது. இலைக்கு அடியில் ஓர் அத்திப்பழம்.

கௌதாரி அதைத் தொடவில்லை.

மன்றம் பாறைக் குன்றில் கூடியது. மயில் வந்திருந்தது. நிறுத்தாமல் அகவியதில் அதன் குரல் போய்விட்டிருந்தது. கரடிக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. புகையாலா, வேறெதனாலா என்று யாரும் கேட்கவில்லை.

“கௌதாரியம்மா, அன்னிக்கு நீ நிறையக் கேட்டே. அதுல காத்தைப் பத்தியும் கேட்டேயில்ல?” என்றது கரடி.

“கேட்டேன் தலைவரே. அதுதான் முக்கியம்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா மத்ததை விட்டுட்டு அதையே கேட்டிருப்பேன். ஆமையண்ணனையாவது மேலே வரச் சொல்லியிருப்பேன்.”

“தெரியாதுன்னாலும் நீ கேட்டே. கேள்வியை எடுத்துப் பாத்து, இது வேணும், இது வேண்டாம்னு பிரிக்கிறது எங்க வேலை. நாங்க சிரிச்சோம்.”

குரங்கு கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் புது ஏற்பாடு செய்தார்கள். குன்றின் உச்சியில் இருந்த மரத்தில் நீளமான கோரைப்புல் கற்றை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இனி எச்சரிக்கை கேட்டால் முதலில் அந்தப் புல்லைப் பார்க்க வேண்டும். புல் பறக்கிற பக்கம் போகக் கூடாது. புகை வருகிற பக்கமும் போகக் கூடாது. குறுக்கே விலகி மேட்டில் ஏற வேண்டும். ஒத்திகையைக் காலையிலும் வைக்க வேண்டும், மாலையிலும் வைக்க வேண்டும், சொல்லாமலும் வைக்க வேண்டும். மயிலோடு காகமும் கத்த வேண்டும். நடக்க முடியாதவரை யார் தூக்கிவருவது என்பதையும் பேசி வைத்தார்கள்.

“அத்திப்பழம்?” என்று குரங்குக் குட்டி ஒன்று கேட்டது.

“ஒத்திகைக்குப் பழம் கிடையாது,” என்றது குரங்கு. அதன் குரல் சிறுத்துப் போயிருந்தது.

குவாரியில் மிச்ச டிரம்கள் இன்னும் கிடக்கின்றன. கௌதாரிக்குப் பயம் போகவில்லை. அது கூட்டைப் புதர்க்காட்டுப் புல்லிலிருந்து எடுத்துக் குன்றின் சரிவில் வைத்தது. தலையைத் தூக்கினால் புல் கற்றை தெரிகிற இடம். குஞ்சுகளுக்கு ஓடக் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால் நிற்கக் கற்றுக் கொடுத்தது. நின்று, இறகில் காற்று எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஓட வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால், மதிலுக்கு அந்தப் பக்கமும் நீல டிரம்கள் இருக்கின்றன. அதில் என்ன இருக்கிறது என்று ஊர்க் கூட்டத்தில் நான் போய்க் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து, மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு பழைய தாவணித் துண்டைக் கட்டிவிட்டேன். காலையிலும் மாலையிலும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆபத்து வந்தால் எங்கே போவது என்று முன்கூட்டியே பேசி வைப்பது நல்லதுதான்; ஆனால் பழகிய இடமெல்லாம் பத்திரமான இடம் ஆகிவிடாது, அன்றைக்கு அடிக்கிற காற்றைப் பார்த்து ஓடுகிறவரே பிழைப்பார்.