கடைசித் தெருவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்

பனையடிக் காலனியில் மின் உபயோகம் குறைவு, புது டிரான்ஸ்பார்மர் தேவையில்லை என்று கோப்பில் எழுதினாயே, அந்தத் தெருவை ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாயா நீ?

அங்கே இருப்பது ஆறு வீடு. வோல்டேஜ் இல்லாமல் ஐந்து வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் தங்கபுஷ்பம் ஒருத்திதான். மின்விசிறி சுற்றாத வீட்டுக்குக் கைக்குழந்தையோடு எப்படி வருவது என்று மகளும் வருவதில்லை. பேத்தியின் முகத்தை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

நீ குமாஸ்தாவாக இருக்கிற மின்சார அலுவலகத்தில்தான் டீ கொடுப்பது அவள் வேலை. எந்தத் தெருவுக்குச் செலவு செய்வது என்று இரண்டு நாள் கூட்டம் நடந்தது. முதல் நாள் காலையிலேயே மனுவை நீட்டினாள்.

பெரிய இன்ஜினியர் மீட்டர் கணக்கைப் புரட்டினார். "உங்க தெருவிலே யாரும் கரண்டே உபயோகிக்கலையேம்மா. யாருக்காக வைக்கிறது? போய் வேலையைப் பாரு."

அன்றைக்கு அவள் டீயே போடவில்லை. மறுநாள் ஆளுக்கொரு காலி டம்ளரை வைத்தாள்.

"விளையாடுறியா? டீ எங்கே?" என்றார் இன்ஜினியர்.

"நேத்து யாருமே டீ குடிக்கலையே அய்யா. தேவையில்லைபோலன்னு இன்னைக்கும் போடலை."

"நீ கொடுத்தாத்தானே குடிப்போம்!"

"அதைத்தான் அய்யா எங்க தெருவும் சொல்லுது."

கூட்டமே சிரித்துவிட்டது. இன்ஜினியர் காது சிவக்க, கோப்பைத் திருத்தச் சொல்லி உன்னிடமே அனுப்பினார்.

ஆறு மாசமாகிறது, கோப்பு இன்னும் உன் மேஜையிலேயே கிடக்கிறது. இன்றும் அவள் ஐந்து பூட்டைத் தாண்டிப் போய்த் தன் வீட்டுப் பூட்டைத் திறக்கிறாள். விசிறி அசையவில்லை. எழுதின கையாலேயே அந்த வரியை அடித்துவிட்டு டிரான்ஸ்பார்மரை வை. பேத்தி அந்த வீட்டில் ஒரு நாளாவது தவழட்டும்.